காதுக்கு லீவு

1

இந்தக் கதையை எழுதச் சொன்னது என் நாத்தனார். அவளுக்குக் கதைகள் பிடிக்காது. எதையாவது படிக்க உட்கார்ந்தால் இரண்டாம் பக்கத்தில் தூங்கிவிடுவாள். ஆனாலும் போன மாதம் ஒருநாள் சமையலறை மேடையில் ஏறி உட்கார்ந்துகொண்டு, "எழுதிப் பாருங்க அண்ணி. எழுதினா ஏதாவது ஒரு முடிவு வந்துதானே ஆகணும்?" என்றாள்.

அப்படி யார் அவளுக்குச் சொன்னார்களோ தெரியவில்லை.

நான் ஒரு பதிப்பகத்தில் மெய்ப்புத் திருத்துகிறேன். மற்றவர்கள் எழுதியதில் பிழை பார்ப்பதுதான் பிழைப்பு. சொந்தமாக ஒரு பக்கம்கூட எழுதியதில்லை. எங்கே தொடங்குவது என்பதிலேயே ஒரு வாரம் போயிற்று.

2

தொடக்கம், ஒன்று: "காலைப் பனியில் அவர் ஓடிக்கொண்டிருந்தார். காதில் இசை, கண்ணில்"

[அன்று பனி இல்லை. கண்ணில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது.]

தொடக்கம், இரண்டு: "ஹெட்போன் மாட்டிக்கொண்டு பந்தயம் ஓடலாமா என்பதில் ஓட்டக்காரர்களிடையே இரண்டு கட்சிகள் உண்டு."

இது உண்மை. ஓடுகிறவனுக்கு மூச்சும் காலடியும்தான் பாட்டு, தனியாக வேறு எதற்கு என்று ஒரு கட்சி கேட்கும். இன்னொரு கட்சி பதில் சொல்லாது, காதில் விழுந்திருக்காது. [இது அவர் அடிக்கடி சொல்லும் நகைச்சுவை. நான் சொன்னால் யாரும் சிரிப்பதில்லை.]

தொடக்கம், மூன்று: "என் கணவர் லிஃப்ட் மெக்கானிக்."

இதை வைத்துக்கொள்கிறேன்.

3

என் கணவர் லிஃப்ட் மெக்கானிக். பகல் முழுக்க அவருக்குக் காதால்தான் வேலை. லிஃப்டின் கூரைமேல் உட்கார்ந்து ஏறி இறங்குவார். எந்தச் சக்கரம் உரசுகிறது, எந்த மாடியில் கதவு இழுத்துப்பிடிக்கிறது என்று கேட்டே கண்டுபிடிப்பார். வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் காது ஓயாது. ஃபிரிட்ஜ் இருமினால் எழுந்து போவார். நான் சும்மா உட்கார்ந்திருந்தால்கூட, "என்ன, சத்தமே வேற மாதிரி இருக்கே?" என்பார்.

ஓடும்போது மட்டும் ஹெட்போன். "காதுக்கு லீவு" என்பார். போனை எடுத்துப்போக மாட்டார். "எடுத்துட்டுப் போனா எவனாவது லிஃப்ட்ல மாட்டிக்குவான்." சட்டையில் செருகிக்கொள்ள, தீப்பெட்டி அளவில் ஒரு சின்ன பாட்டுப் பிளேயர் வைத்திருந்தார்.

எங்கள் ஊர்ப் பந்தயத்துக்கு முன்பு, பாதை முழுவதையும் ஒருமுறை நடந்து பார்த்துவிட்டு வந்து பாட்டுகளை அடுக்குவார். மேடு வருகிற இடத்தில் மேளம். பாலத்தின்மேல் புல்லாங்குழல். கால் கனக்கத் தொடங்கும் நீண்ட நேர்சாலையில், வார்த்தைகளே புரியாத ஏதோ ஒரு மொழியில் ஒரு பெண் குரல். பாட்டு என்று சொல்லமாட்டார், மாடி என்பார். "நாலாம் மாடியில மூச்சு வாங்கும். அஞ்சுல சரியாயிடும்."

கடைசி மாடி, தண்ணீர்த் தொட்டி வளைவு. அங்கே வந்ததும் ஹெட்போனை இறக்கிக் கழுத்தில் போட்டுக்கொள்வார். கதவு திறந்தாயிற்று என்று அர்த்தம். வளைவைத் தாண்டினால் நான் நிற்பேன்.*

* நான் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. முடிவுக்கோட்டில் நின்று "ஏங்க!" என்றுதான் கத்துவேன். முதல் வருடம் கத்தியபோது ஏழெட்டு ஆண்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவர் கைகூட ஆட்டினார். அடுத்த வருடத்திலிருந்துதான் அவர் வளைவிலேயே ஹெட்போனைக் கழற்றத் தொடங்கினார். "அத்தனை 'ஏங்க'ல என் 'ஏங்க' எதுன்னு நான் கண்டுபிடிக்க வேணாமா?"

4

நாத்தனாருக்கு வீட்டில் விசில் என்று பெயர். நீச்சல் குளத்தில் பயிற்சியாளர். கழுத்தில் எப்போதும் ஆரஞ்சு நிற விசில் தொங்கும். தண்ணீருக்குள் தலை முங்கியிருப்பவர்களுக்குக் கேட்கும்படி பேசிப்பேசி, சாதாரணமாக உப்பு கேட்டாலும் பக்கத்து வீட்டில் எடுத்துக்கொடுப்பார்கள்.

பழைய ஹெட்போனின் ஒயர் ஓடும்போது நெஞ்சில் அடிக்கிறது என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். பந்தயத்துக்கு முந்தின மாதம் அவர் பிறந்தநாள் வந்தது. விசில் அவருக்குப் புது ஹெட்போன் வாங்கி வந்தாள்.

"இனிமே ஒயர் தொல்லை இல்லண்ணா. மாட்டிக்கிட்டா பக்கத்துல இடி விழுந்தாகூடக் கேக்காதாம், கடைக்காரன் சொன்னான்."

"உன் குரல்?"

"அதுக்கு அவன் கேரண்டி தரல."

"அப்ப திருப்பிக் குடுத்துட்டு வா."

[கதை படித்துப் பழகியவர்கள், பின்னால் உதவும் என்று இதை இங்கே வைத்திருக்கிறேன் என்பார்கள். வேறொருவர் எழுதியிருந்தால் நானே ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போட்டிருப்பேன். ஆனால் இப்படித்தான் பேசிக்கொண்டார்கள். கேக்கைக்கூட இன்னும் வெட்டியிருக்கவில்லை.]

5

இந்தப் பகுதி சின்னது.

பந்தயத்தன்று, தொட்டிக்குப் பின்னாலிருந்து ஒரு வேன் ரிவர்ஸில் வந்தது. ஓடுகிறவர்களுக்குத் தண்ணீர் கேன் இறக்கிய வேன். நான் வளைவுக்கு இந்தப் பக்கம் இருந்தேன். கத்துவதற்குத் தயாராகத் தொண்டையைக் கனைத்துக்கொண்டிருந்தேன். எனக்கு எதுவும் தெரியவில்லை.

தகனம் முடிந்த மறுநாள் வேன் டிரைவர் வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை, வாசல் மிதியடியிலேயே நின்றார். "கத்தினேம்மா. ஹாரனும் அடிச்சேன். அவர் திரும்பவே இல்ல. காதுல அது இருந்துச்சும்மா."

வளைவில் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்த அம்மாளும் வந்தார். "காதுல இல்லம்மா. கழுத்துலதான் கிடந்தது. நான் பார்த்தேனே."

ஒரு வரைவில் டிரைவரைக் குடிக்க வைத்துப் பார்த்தேன். வசதியாகத்தான் இருந்தது. மறுநாள் அடித்துவிட்டேன். அவர் குடிக்கிறவர் இல்லை.

அவர்கள் போன பிறகு விசில் கேட்டாள்: "ரெண்டுல எது அண்ணி?"

அவள் கேட்டது அதை இல்லை. தான் வாங்கிக்கொடுத்த ஹெட்போனாலா என்பதுதான் அவள் கேள்வி. அன்று முதல் அவள் குளத்துக்குப் போகவில்லை. கழுத்தில் விசிலும் இல்லை. பேசுவதே கேட்பதில்லை, இரண்டாம் முறை சொல்லச் சொல்லவேண்டியிருந்தது.

6

காதிலா கழுத்திலா என்று தெரிந்துகொள்ள ஒரு வழி இருந்தது. அது எப்படிப் போயிற்று என்பதையும் எழுத வேண்டும்.

ஆஸ்பத்திரியில் அவருடைய பொருட்களை ஒரு பையில் போட்டு விசிலிடம் கொடுத்தார்கள். பிளேயர் சிக்கி நின்றிருந்தது. திரையில் ஏதோ ஒரு பாட்டின் பெயர், அசையாமல்.

எங்கள் வீட்டில் அவர் போட்ட சட்டம் ஒன்று உண்டு. எது நின்றாலும் முதலில் ஆஃப் பண்ணி ஆன் பண்ணு. டிவிக்கு அதுதான், வாஷிங் மெஷினுக்கு அதுதான். என் மாமியார் மூஞ்சியைத் தூக்கி வைத்திருந்தால்கூட, "ஒரு தூக்கம் போட்டு எழுந்திரிக்கட்டும். ஆஃப் பண்ணி ஆன் பண்ண மாதிரி" என்பார். தங்கையைச் சின்ன வயதிலிருந்து அப்படித்தான் வளர்த்திருக்கிறார்.

விசில் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றபடி பொத்தானை அழுத்திப் பிடித்தாள். திரை இருண்டு, திரும்ப எரிந்தது. முதல் பாட்டு. தரைத்தளம்.

"அண்ணி, வேலை செய்யுது!" என்றாள். அந்த நாளில் அவளுக்குக் கிடைத்த ஒரே நல்ல செய்தி அது.

திரையில் இருந்தது கடைசி மாடியா, அதற்கு முந்தியதா? கடைசி மாடி என்றால் ஹெட்போனை இறக்கியிருப்பார். அந்தப் பெயரைப் படித்திருந்தால் ஓரளவுக்குச் சொல்லியிருக்கலாம். அது அவளுக்கு ஒரு வாரம் கழித்துத்தான் உறைத்தது. நான் இருக்கும் அறைக்கு வந்து, ஒரு கையில் பிளேயரும் ஒரு கையில் கதவுமாக நின்றாள். பார்த்ததும் எனக்குப் புரிந்தது.

7

முடிவுகள். சிலவற்றை எழுதிப் பார்த்தேன்.

கடைசிப் பாட்டுக்குப் பிறகு அவர் குரல் பதிவாகியிருக்கிறது, மனைவிக்கு ஏதோ சொல்கிறார். இதை விசிலிடம் படித்துக் காட்டினேன். "அண்ணனா? மைக்க நீட்டினாலே அவருக்குச் சிரிப்பு வந்துடும். சினிமா மாதிரி இருக்கு அண்ணி, வேணாம்."

மனைவி ஹெட்போனை அலமாரியில் வைத்துப் பூட்டுகிறாள், அமைதி அடைகிறாள். பூட்டியது வரைக்கும் சரி.

"வருடங்கள் பல கழிந்து, அதே வளைவில் ஒரு

[இல்லை.]

8

விசில்தான் சொன்னாள். "ஒரு தடவை செஞ்சே பார்த்துடலாம் அண்ணி. நீங்க அந்த ஹெட்போன மாட்டிக்கிட்டு ஓடுங்க. நான் வேன் நின்ன இடத்துல நின்னு கூப்பிடறேன். கேட்டா கையத் தூக்குங்க."

"என் காது வேற, அவர் காது வேற. உன் தொண்டை வேற, டிரைவர் தொண்டை வேற."

"தெரியும்."

"அப்புறம் இதுல என்ன தெரிஞ்சுடும்?"

"ஒண்ணும் தெரியாது அண்ணி. இருந்தாலும்."

ஞாயிற்றுக்கிழமை காலை போனோம். எனக்கு ஓட வராது. பஸ்ஸைத் துரத்தியதோடு சரி. அவர் வைத்திருந்த சத்த அளவை மாற்றாமல், கடைசி மாடியைப் போட்டுக்கொண்டு, நேர்சாலையின் பாதியிலிருந்து தொடங்கினேன்.

நான் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. நன்றாக இருந்தது. வீணையும் மிருதங்கமும் மட்டும். என் செருப்புச் சத்தம் இல்லை, மூச்சு வாங்குவது இல்லை. ஒரு நாய் குரைத்தது. வாய் திறந்து மூடியது, அவ்வளவுதான். அவர் சொன்ன லீவு இதுதான் என்று அப்போதுதான் தெரிந்தது. இதிலிருந்து வருடா வருடம் எனக்காக வெளியே வந்திருக்கிறார்.

தொட்டி நெருங்கியது. விசில் இருந்த இடத்தைக் கடந்தேன். திரும்பிப் பார்க்கக் கூடாது என்பது ஏற்பாடு. பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. கை என்னுடையது, எப்போது வேண்டுமானாலும் தூக்கலாம் என்ற எண்ணம் அங்கேதான் வந்தது.

வளைவில் கையைத் தூக்கினேன்.

திரும்பினேன். விசில் ஓடி வந்துகொண்டிருந்தாள், வாய் அசைந்தது. ஹெட்போனை இறக்கிக் கழுத்தில் போட்டேன்.

"கேட்டுச்சா அண்ணி?"

"கேட்டுச்சு."

"நிஜமா? என்னன்னு கூப்பிட்டேன், சொல்லுங்க."

"அண்ணின்னு."

கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தாள். பிறகு, "ஆமா," என்றாள்.

9

அந்த "ஆமா"வுக்குப் பிறகு ஒரு வாக்கியம் எழுதியிருந்தேன். எனக்குக் கேட்டதா இல்லையா என்று சொல்லும் வாக்கியம். சின்னது, பிழை எதுவும் இல்லாதது. அதை அடித்துவிட்டேன். இந்தக் கதையை முதலில் படிக்கப்போகிறவள் விசில். இரண்டாம் பக்கத்தில் தூங்கிவிடுவாள் என்று நம்பி எழுத முடியாது. இதை அவள் தூங்காமல் படிப்பாள்.

அவளிடமும் ஒரு வாக்கியம் இருக்கும். அங்கே நின்று என்ன கூப்பிட்டாள், கூப்பிட்டாளா, என்பது. நானும் கேட்கவில்லை.

முடிவு வேண்டும் என்பவர்களுக்கு இடம் விட்டிருக்கிறேன்:

[                                        ]

பென்சிலில் எழுதுங்கள். மெய்ப்புத் திருத்துகிறவளாகக் கேட்டுக்கொள்வது அது ஒன்றுதான்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது ஜன்னல் திறந்திருக்கிறது. இரண்டு தெரு தள்ளிக் குளம். யாரோ ஆழமான பக்கத்துக்குப் போயிருக்க வேண்டும், விசில் சத்தம் கேட்கிறது. விட்டு விட்டு, நல்ல கோபத்தோடு.

இது எனக்குக் கேட்கிறது.