தடால் எழுந்திருக்கும் வரை

கடை திறக்க இன்னும் மூன்று மணி நேரம்தான் இருந்தது. அதற்குள் தடால் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, முகம் தெரிய விழுந்துவிட்டால் போதும். அவன் தலையெழுத்தே மாறிவிடும்.

தடால் பெற்றவர்கள் வைத்த பெயர் அல்ல, தொழில் வைத்த பெயர். சிரிப்புப் படங்களில் கதாநாயகர் வாழைப்பழத் தோலில் காலை வைப்பார். அதோடு அவர் வேலை முடிந்தது, நாற்காலிக்குப் போய்விடுவார். அவருடைய சட்டையைப் போட்டுக்கொண்டு மிச்சத்தை விழுகிறவன் தடால். மாடிப்படி, சேறு, பெயிண்ட் டப்பா என்று இருபத்திரண்டு வருஷமாக அவன் விழாத இடம் பாக்கியில்லை. ஊரே வயிறு வலிக்கச் சிரித்திருக்கிறது. ஆனால் ஊர் பார்த்ததெல்லாம் அவனுடைய முதுகைத்தான்.

நேற்றுச் சாயங்காலம் அடித்தது அதிர்ஷ்டம். மலைவாசிக் கூட்டம் ஒன்று முதல் தடவையாக நகரத்துக்கு வந்து, தானாகத் திறக்கும் கதவிலும் எஸ்கலேட்டரிலும் மாட்டிக்கொண்டு முழிக்கிற கதை. அதில் மலைத்தலைவராக நடிக்க வேண்டிய பெரிய நடிகர் கடைசி நேரத்தில் கையை விரித்துவிட்டார். டைரக்டர் தலையைச் சொறிந்துகொண்டே தடாலைக் கூப்பிட்டார்.

"நாளைக்கு விழறது மட்டும் இல்ல, முகமும் உன்னோடதுதான். ஆனா ஒண்ணு. பத்து மணிக்குக் கடையைத் திறந்துடுவாங்க. அதுக்குள்ள ஓகே ஆகலைன்னா சீனையே தூக்கிடுவேன். நீ பழையபடி முதுகுதான்."

அன்றிரவு தடால் தூங்கியதாக யாரும் சொல்ல முடியாது. அவன் மனைவி அதே கம்பெனியில் உடுப்புத் தைக்கிறவள். அவனுடைய உடுப்புக்குள் பஞ்சு வைத்துத் தைப்பதும் அவள்தான். இடுப்புக்கு ஒரு பட்டை, முழங்காலுக்கு இரண்டு. ஆனால் இத்தனை வருஷத்தில் அவன் விழுவதை ஒரு தடவைகூட அவள் பார்த்ததில்லை. 'ஆக்‌ஷன்' என்ற சத்தம் கேட்டதும் துணி மாட்டியிருக்கும் வண்டிக்குப் பின்னால் போய்த் திரும்பி நின்றுகொள்வாள். சத்தத்தை மட்டும் கேட்பாள்.

படப்பிடிப்பு நடந்தது ஒரு மூன்று மாடிக் கடையில். நடுவில் இரண்டு எஸ்கலேட்டர்கள், ஒன்று ஏற, ஒன்று இறங்க. நிஜமான மலைக்காரர்களாகவே இருபது பேரை டைரக்டர் வரவழைத்திருந்தார். எஸ்கலேட்டரைப் பார்த்ததும் அவர்கள் மிரண்டு ஓடுவார்கள், அதை அப்படியே பிடித்துவிடலாம் என்பது அவர் கணக்கு. இந்த மாதிரிப் படம் எடுக்கிறவர்கள் ஒரு நாளாவது மலை ஏறிப் பார்த்திருந்தால் இப்படிக் கணக்குப் போடமாட்டார்கள். அந்த இருபது பேருக்கும் தலைமையாக வந்தவள் மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு பெண்மணி. மற்றவர்கள் அவளை அத்தை என்று கூப்பிட்டார்கள். அத்தை எஸ்கலேட்டரை மேலும் கீழும் பார்த்தாள், காதைத் தீட்டிக் கேட்டாள், பிறகு கடை மேனேஜரிடம் போனாள்.

"மூணாவது படி கீச்சுங்குது பாருங்க. சங்கிலிக்கு எண்ணெய் காணாது. எங்க பக்கம் மரம் இறக்குற கம்பி ரோப்பும் இப்படித்தான் கத்தும்."

மேனேஜர் குனிந்து மூன்றாவது படிக்குக் காதைக் கொடுத்தார்.

காட்சி இதுதான். தலைவர் மாடிக்குப் போக ஆசைப்பட்டு, இறங்குகிற எஸ்கலேட்டரில் ஏறிவிடுகிறார். ஓடுகிறார், ஓடுகிறார், நின்ற இடத்திலேயே ஓடுகிறார். கடைசியில் கால் பின்னிக்கொண்டு உருண்டு கீழே வருகிறார். பக்கத்து எஸ்கலேட்டரில் ஏறிக்கொண்டிருக்கும் அவருடைய ஆட்கள் அவரைக் கைகாட்டிக் கெக்கெக்கே என்று சிரிக்க வேண்டும்.

"ஆக்‌ஷன்!"

ஓடினான் தடால்! பார்க்கக் கண்கோடி வேண்டும். கால் இரண்டும் இருக்கும் இடம் தெரியவில்லை, தலைப்பாகை அவிழ்ந்து பின்னால் பறந்தது, ஒரு கை கைப்பிடியைப் பிடித்து வழுக்கியது. அடுத்த நொடி டமடமவென்று பத்துப் படி உருண்டு தரைக்கு வந்து சேர்ந்தான். கேமராவுக்குப் பின்னால் நின்றவர்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

பக்கத்து எஸ்கலேட்டரில் சிரிக்க வேண்டிய இருபது பேரும் சட்டென்று உட்கார்ந்துவிட்டார்கள். உட்கார்ந்த இருபது பேரையும் எஸ்கலேட்டர் பாட்டுக்கு மேலே தூக்கிக்கொண்டு போனது. முகத்தில் கவலையோடு, கையை மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொருவராகக் கேமராவை விட்டு மறைந்தார்கள். உச்சியில் முதல் ஆள் எழுந்திருக்கவில்லை. இரண்டாவது ஆள் அவர் மேல், மூன்றாவது ஆள் இரண்டாவது ஆள் மேல்! மேனேஜர் அலறிக்கொண்டு ஓடிச் சிவப்புப் பொத்தானை அமுக்கினார்.

"கட்! கட்! யாரு உங்களை உட்காரச் சொன்னா?" டைரக்டர் தலையில் அடித்துக்கொண்டார்.

கேமராக்காரர் மெதுவாகச் சொன்னார், "அது மட்டும் இல்ல சார். இவர் முகமே தெரியல."

உண்மைதான். விழும்போது முகத்தைத் தோளுக்குள் புதைத்துக்கொள்வது டூப் போடுகிறவனுடைய முதல் பாடம். இருபத்திரண்டு வருஷப் பழக்கம் தடாலின் கழுத்தைத் தானாகத் திருப்பியிருந்தது.

இரண்டாவது டேக்குக்கு முன்னால் டைரக்டர் இருபது பேரிடமும் உட்கார மாட்டோம் என்று சொல்ல வைத்தார். எல்லாரும் நல்ல மனதோடு தலையாட்டினார்கள். தடால் விழுந்தான். இருபது பேரும் உட்கார்ந்தார்கள். மேனேஜர் பொத்தானுக்கு ஓடினார்.

"மன்னிச்சுக்குங்க தம்பி, காலு தானா மடங்குது," என்றாள் அத்தை. "எங்க பாதை செங்குத்தா இருக்கும். ஒருத்தர் விழுந்து கிடக்கும்போது மத்தவங்க நடந்தா, கல்லு சரிஞ்சு அவர் மேலயே விழும். அதனால யாரு விழுந்தாலும் அங்கங்க உட்கார்ந்துடுவோம். அவரு எழுந்திருக்கிற வரைக்கும் யாரும் அசையமாட்டோம்."

"இங்க ஏதும்மா கல்லு? இது நடிப்பு! அவர் நெஜமா விழல!"

"நெஜமாத்தானே விழுந்தாரு? நான் பார்த்தேனே."

"விழறது நெஜம்தான். ஆனா வலிக்காது."

அத்தை கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு தடாலைப் பார்த்தாள். "வலிக்காதாப்பா?"

அந்தக் கேள்வி அவனைத் தூக்கிவாரிப் போட்டது. தொழிலில் ஒரு சட்டம் உண்டு. விழுந்தவன் மூன்று எண்ணுவதற்குள் துள்ளி எழுந்து கட்டைவிரலைத் தூக்கிக் காட்ட வேண்டும். நான்கு எண்ணிவிட்டால் அடுத்த படத்துக்கு வேறு ஆள். இத்தனை வருஷமாக எல்லாரும் அவனுடைய கட்டைவிரலைத்தான் பார்த்தார்களே தவிர, இந்தக் கேள்வியைக் கேட்டவர்கள் கிடையாது.

"வலிக்கும்க்கா," என்றான்.

துணி வண்டிக்குப் பின்னால் ஏதோ கீழே விழுந்தது. அவன் மனைவியின் கத்திரிக்கோல்.

மூன்று, நான்கு, ஐந்து என்று டேக்குகள் போயின. தடால் மூன்று எண்ணுவதற்குள் துள்ளி எழுந்தால் இருபது பேரும் துள்ளி எழுந்தார்கள். மறுபடி விழுந்தால் மறுபடி உட்கார்ந்தார்கள். வாடிக்கையாளர்களாக நடிக்க வந்திருந்த நகரத்துக்காரர்கள் சிரிப்பை அடக்க முடியாமல் கூடையால் முகத்தை மூடிக்கொண்டார்கள். டைரக்டர் மட்டும் சிரிக்கவில்லை. ஒன்பதே முக்காலுக்கு அவர் குரல் கம்மிவிட்டது.

"கடைசி டேக். நீங்க யாரும் எஸ்கலேட்டர்ல ஏற வேண்டாம். கீழ நில்லுங்க. உட்கார்ந்து தொலைங்க, போங்க. தடால், உன் மூஞ்சியைக் காட்டு. அவ்வளவுதான் கேக்குறேன்."

தடால் பல்லைக் கடித்துக்கொண்டு ஓடினான். முகம், முகம், முகம் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே ஓடினான். உருளும்போது கழுத்தைக் கேமராப் பக்கம் திருப்பப் பார்த்தான். கழுத்து ஒரு பக்கம் போக, கால் இன்னொரு பக்கம் போயிற்று. தரைக்கு வரும்போது கணுக்காலில் சுரீரென்றது. முகம் மட்டும், கேடுகெட்ட முகம், தோளுக்குள் பத்திரமாகப் புதைந்திருந்தது.

"முகம் இல்ல சார்," என்றார் கேமராக்காரர்.

டைரக்டர் தொப்பியைக் கழற்றி வீசினார். "போச்சு. எல்லாத்தையும் மூட்டை கட்டுங்க!"

ஆனால் எதையும் கட்ட முடியவில்லை. விளக்குகளுக்கு நடுவில், ஒயர்களுக்கு மேல், கேமராவின் தண்டவாளத்தில் என்று இருபது பேரும் உட்கார்ந்திருந்தார்கள்.

"முடிஞ்சுதும்மா, எழுந்திருங்க!"

"அவரு இன்னும் எழுந்திருக்கலையே," என்றாள் அத்தை.

மேனேஜர் கடிகாரத்தைக் காட்டிக் கெஞ்சினார். பத்து மணிக்கு ஐந்து நிமிஷம்தான் பாக்கி. வெளியே கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் ஆட்கள் சேரத் தொடங்கியிருந்தார்கள். தடால் தரையில் கிடந்தபடியே பழக்கதோஷத்தில் கட்டைவிரலைத் தூக்கினான்.

"அந்த விரலை இறக்கு தம்பி. நமக்கு ஒரு அவசரமும் இல்ல. முதல்ல எலும்பைக் கேளு, அது பதில் சொல்லட்டும்."

துணி வண்டிக்குப் பின்னாலிருந்து அவன் மனைவி வந்தாள். முதல் தடவையாக அவன் விழுந்து கிடப்பதைக் கண்ணால் பார்த்தாள். அவனுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டாள்.

அதைப் பார்த்து, கூடை வைத்திருந்த ஒரு பெண் கூடையோடு உட்கார்ந்தாள். அவளுக்குப் பக்கத்தில் நின்றவர் உட்கார்ந்தார். விளக்குப் பிடிக்கிறவர் விளக்கை அணைக்காமலே உட்கார்ந்தார். கேமராக்காரர் கேமராவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அத்தனை பெரிய கடையில் நின்றுகொண்டிருந்தது டைரக்டரும் மேனேஜரும்தான். மேனேஜர் ஒரு பெருமூச்சு விட்டுச் சட்டென்று உட்கார்ந்தார். தனியாக நிற்பது டைரக்டருக்கே என்னவோ போல் ஆகிவிட்டது. அவரும் உட்கார்ந்தார்.

தடால் சுற்றிலும் பார்த்தான். இத்தனை பேர் அவனுக்காகக் காத்திருக்கிறார்கள்! யாரும் மூன்று எண்ணவில்லை. கணுக்காலைத் தொட்டுப் பார்த்தான், சுளுக்குத்தான். மனைவியின் தோளைப் பிடித்தான். ஒரு முழங்காலை ஊன்றினான், மூச்சு வாங்கினான், அடுத்த காலை ஊன்றினான். தொழிலுக்கு வந்த பிறகு முதல் தடவையாக மெதுவாக எழுந்தான். கண்ணில் தண்ணீர், வாயெல்லாம் பல்.

அவன் நிமிர்ந்து நின்றானோ இல்லையோ, மலைக்காரர்கள் அத்தனை பேரும் எழுந்து வெடித்துச் சிரித்தார்கள்! அப்படி ஒரு சிரிப்பை அந்தக் கடை கேட்டிருக்காது. ஒருவர் நின்ற இடத்திலேயே தடாலைப் போல ஓடிக் காட்டினார். இன்னொருவர் தலைப்பாகை பறந்ததைக் காட்டினார். அத்தை கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"காலையிலேருந்து அடக்கிக்கிட்டே இருந்தோம் தம்பி, வயிறே வெடிச்சிருக்கும்! எழுந்து நின்னாத்தானே சிரிக்கலாம்!"

தடாலும் சிரித்தான். கேமராக்காரர் மடியைக் குனிந்து பார்த்துவிட்டுக் கத்தினார், "சார்! ஓடிக்கிட்டே இருந்திருக்கு சார்! முகம் முழுசா வந்திருக்கு! எழுந்தது, அழுதது, சிரிச்சது எல்லாம்!"

"ஓகே!" என்று டைரக்டர் துள்ளி எழுந்தார். "இதுதான் சீன்! ஓகே, ஓகே, ஓ..."

ஒயர் காலைச் சுற்றியது. தொப்பென்று குப்புற விழுந்தார். எழுந்து நின்ற அத்தனை பேரும் மறுபடி உட்கார்ந்தார்கள்.

சரியாக அந்த நேரம் மணி பத்து அடித்து, கண்ணாடிக் கதவுகள் தானாகத் திறந்துகொண்டன. உள்ளே நுழைந்த கூட்டம், கடை முழுக்க எல்லாரும் தரையில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துத் திகைத்து நின்றது. டைரக்டர் கிடந்தபடியே அவசர அவசரமாகக் கட்டைவிரலைத் தூக்கினார்.

"விரலை இறக்குங்க சார், மெதுவா எழுந்திருக்கலாம்," என்றான் தடால், சுளுக்கிய காலை நீட்டி மனைவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தபடி. "நாங்க இருக்கோம்."