ஆடுகிற மூடி

என் ஓரகத்தி புவனா மூடியை மாற்றி எடுத்துக்கொண்டு போய்விட்டாள் என்று பத்தொன்பது வருடமாக ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தேன். கல்யாண வீட்டில் சொன்னேன், எழவு வீட்டில் சொன்னேன், கேட்காதவர்களைக்கூட நிறுத்தி வைத்துச் சொன்னேன். என் வாய் அப்படி.

விஷயம் இதுதான். என் மாமியார் வீட்டில் ஒரு பழைய பீங்கான் செட் இருந்தது. வால்பாறை எஸ்டேட்டை விட்டுப் போன ஒரு வெள்ளைக்காரத் துரையிடம் வாங்கியது. கல் மாதிரி கனக்கும் வெள்ளைப் பீங்கான், ஒவ்வொன்றின் மேலும் செம்பு நிறத்தில் ஒரு இலை மினுங்கும். தேயிலைச் செட்டு என்போம். மாமியார் காலமான பிறகு அண்ணனும் தம்பியும் பாகம் பிரித்துக்கொண்டார்கள். பண்டபாத்திரம் மருமகள்கள் எங்கள் இருவர் பொறுப்பு. எங்கள் பக்கத்தில் மூத்தவர் கூறு போட வேண்டும், இளையவர் முதலில் எடுக்க வேண்டும். அப்போதுதான் கூறு போடுகிற கை நேர்மையாக இருக்கும். நான் மேசைமேல் இரண்டு கூறு வைத்தேன். தட்டு எண்ணி, கோப்பை எண்ணி, பெரிய குழம்புக் கிண்ணம் இரண்டுக்கும் மூடி போட்டு, கூறுக்கு ஒன்றாக வைத்தேன். புவனா ஒரு கூறைக் காட்டினாள். பிறகு எல்லாவற்றையும் செய்தித்தாளில் சுற்றிப் பெட்டியில் அடுக்கியது அவள்தான்.

மறுவாரம் பிரித்துப் பார்த்தால் என் கிண்ணத்து மூடி டக்டக்கென்று ஆடுகிறது. சுற்றுகிற சாக்கில் நல்ல மூடியை எடுத்துக்கொண்டு, ஆடுவதை என் தலையில் கட்டிவிட்டாள் என்று அன்றைக்கே சொந்தபந்தம் அத்தனை பேருக்கும் போன் போட்டேன். அவள் பதிலுக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. மாட்டிக்கொண்டவள் என்ன பேசுவாள் என்று நினைத்தேன். அவர்கள் சத்தியமங்கலத்துக்குக் குடிபோனார்கள். பேச்சு நின்றுபோனது.

அதோடு லோகப்பிரியாவும் போனாள். புவனாவின் மகள், அப்போது ஏழு வயது. எனக்குப் பிள்ளை இல்லை. தினமும் அவளுக்குத் தலை பின்னிப் பள்ளிக்கூடம் அனுப்பியது நான்தான். அவள் போன பிறகு காலை எட்டு மணிக்குக் கைக்கு வேலை இல்லாமல் உட்கார்ந்திருப்பேன். இதை மட்டும் யாரிடமும் சொன்னதில்லை.

போன வாரம் கொழுந்தனார் அவள் கல்யாணப் பத்திரிகை கொண்டுவந்தார். “அண்ணி, நீங்க வந்தே ஆகோணுமுங்க. பாப்பா பெரீம்மா வருவாங்களான்னு தெனமும் கேக்குது” என்றார். போக வேண்டும் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. ஆனால் இத்தனை வருடம் வீம்பு பிடித்துவிட்டு எந்த முகத்தோடு போவது? புவனா செய்தது தப்பு என்று நிரூபித்துவிட்டு, போனால் போகிறது என்று மன்னித்துவிட்டால் தலை நிமிர்ந்து போகலாம். இப்படியும் ஒரு புத்தி எனக்கு.

கிண்ணத்தைப் பையில் போட்டுக்கொண்டு உக்கடத்தில் பழைய பீங்கான் வியாபாரம் செய்யும் யூனுஸ் பாயிடம் போனேன். கதையைச் சொன்னேன். அவர் ஒரு துண்டுத் தாளை நனைத்து, கிண்ணத்தில் இருந்த இலைமேல் ஒட்டினார். மூடியில் இருந்த இலைமேலும் ஒன்று ஒட்டினார்.

“இலைய மறந்துருங்கம்மா. இதே இலைய அந்தக் காலத்துல எத்தனையோ கம்பெனிக்காரன் போட்டிருக்கான். நாங்க பிடி, குமிழுன்னு ஒடம்பத்தான் பாப்போம். கிண்ணத்துப் பிடியத் தொட்டுப் பாருங்க.”

தொட்டேன். கணுக் கணுவாக, மூங்கில் மாதிரி.

“இப்ப மூடிக் குமிழு.”

முறுக்கு முறுக்காக, கயிறு. இத்தனை வருடத்தில் ஒரு நாள்கூட நான் இதைப் பார்த்ததில்லை. இலை மினுங்குகிறதா என்று துடைத்து வைத்ததோடு சரி.

“இது மூங்கில் ஒடம்பு. மூடி கயித்து ஒடம்புக்காரனோடது. தொரை ஊட்டுல ரெண்டு செட்டு இருந்திருக்கும், ஒரே இலைன்னு ஒண்ணாக் கலந்துட்டாங்க. எப்படிங்கம்மா உக்காரும்?”

“பாத்தீங்களா பாய்! அப்ப என்ற மூங்கில் மூடிய அவதான எடுத்துட்டுப் போயிருக்கா!”

கையோடு கொண்டுபோயிருந்த போட்டோவை வெற்றியோடு அவர் முன்னால் போட்டேன். கூறு போட்ட அன்றைக்கு, தாளில் சுற்றுவதற்கு முன் என் வீட்டுக்காரர் எடுத்தது. அதில் மூடிகள் சரியாக இருக்கும், பிறகுதான் அவள் மாற்றினாள் என்பது என் வாதம். பாய் பூதக்கண்ணாடியை வைத்து வெகுநேரம் பார்த்தார். பிறகு அதை என்னிடம் நீட்டிவிட்டு, டீ சொல்லப் போவதுபோல் வெளியே எழுந்து போனார்.

போட்டோவிலேயே மூங்கில் கிண்ணத்துமேல் கயிற்று மூடி இருந்தது. அதன்மேல் ஒரு கை, அழுத்திப் பிடித்தபடி. கையில் என் கெட்டி வளையல்.

அடிப்பாவி கீதா. மாற்றி வைத்தது நீதானா என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

என் வீட்டுக்காரர் காரில் காத்துக்கொண்டிருந்தார். “ஏனுங்க, புவனா ஊருக்கு, சத்திக்கு உடுங்க” என்றேன்.

“கல்யாணம் அடுத்த வாரமல்லோ?”

“உடுங்கன்னா உடுங்க.” போட்டோவை அவர் மடியில் போட்டேன். பார்த்தார். அன்னூர் தாண்டும்வரை நான் அழுதேன்.

வாசலில் பந்தக்கால் நட்டிருந்தார்கள். புவனா ஈரக்கையோடு வந்தாள். தலை பாதி நரைத்திருந்தது. “அக்கா, வாங்க, வாங்க” என்றாள், நேற்றுப் பார்த்தவள் மாதிரி. நான் உட்காரவில்லை. கிண்ணத்தை அவள் முன்னால் வைத்தேன்.

“நாந்தான் அம்மணி மாத்தி வெச்சுப்போட்டேன். உம்மேல பழி போட்டு ஊரெல்லாம் சொல்லிப்போட்டேன்.”

 அவள் உள்ளே போய் ஒரு சேலைத்துணி மூட்டையோடு வந்தாள். பிரித்தாள். மூங்கில் குமிழ் வைத்த மூடி. நான்கு துண்டாக உடைந்து, பசை போட்டு ஒட்டியது.

“பாப்பா காலேஜ் சேந்த வருசம் கை தவறிப்போச்சுங்க்கா. உங்க மூடியாச்சேன்னு ஒட்டி வெச்சேன். என்னிக்காச்சும் கேட்டு வந்தீங்கன்னா என்ன சொல்றதுன்னு அத்தன பயம்.”

“என்ற மூடின்னு உனக்கு எப்பத் தெரியும்?”

“ஊட்டுல வந்து பிரிச்ச அன்னிக்கேங்க்கா, என்ற கிண்ணத்துப் பிடி கயிறு, மூடிக் குமிழு மூங்கிலு. போன் பண்ணலாம்னு எடுக்கறேன், அதுக்குள்ள நீங்க எல்லார்த்துகிட்டயும் சொல்லிட்டீங்க. அப்பறம் நான் வாயத் தொறந்தா, அத்தன பேரு முன்னால உங்களுக்குத்தானுங்க அசிங்கம்?”

கழுதை. எனக்காகவா பத்தொன்பது வருடம் திருடி என்ற பட்டம் சுமந்தாள்? அவள் ஈரக்கையைப் பிடித்து என் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

ஒட்டிய மூடியை எடுத்து என் கிண்ணத்தில் அவளே வைத்தாள். விரலால் தட்டிப் பார்த்தேன். அது ஆடவில்லை.

“யாருங்ம்மா வந்திருக்கறது?” என்று கேட்டபடி, தலைக்குக் குளித்த ஈரக்கூந்தலோடு உள்ளிருந்து ஒரு பெண் வந்தாள். ஒரு கணம் என்னையே பார்த்தாள். சட்டென்று திரும்பி உள்ளே போனாள். எனக்கு உயிரே போய்விட்டது.

வந்தாள். கையில் சீப்பு. என் காலடியில் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டாள்.