அடுப்பில் கத்திய பால்

அந்தப் பண்ணையின் பாலைக் காய்ச்சினால், பொங்கும் நேரத்தில் அது கத்தும். கன்றைத் தேடும் மாட்டின் குரல்தான், அடித்தொண்டையிலிருந்து வரும். அடுப்பை அணைத்தால் அடங்கிவிடும். ருசியில் ஒரு குறையும் கிடையாது.

காரணம் பண்ணையின் மாட்டு டாக்டரம்மா. கெட்ட மனுஷி என்று யாரும் சொல்ல முடியாது. கன்று பிறந்த உடனே அதைப் பிரித்து வேறு கொட்டகைக்குக் கொண்டுபோவது அங்கே நடைமுறை. தாய்மாடு தொண்டை கட்டும்வரை கத்தும், தீவனத்தைத் தொடாது. அதைக் கேட்டுக் கேட்டுச் சோறு இறங்காமல்தான் அவர் மாட்டின் கருவிலேயே கைவைத்தார். கன்றுக்காக ஏங்க வைக்கும் மரபணுவைத் தேடிப் பிடித்து நீக்கினார். கன்றைப் பிரிக்காமல் இருக்கலாமே என்று யாருக்கும் தோன்றவில்லை, அவருக்கும்தான். அப்படிப் பிறந்து வளர்ந்த மாடுகள் கன்று போட்ட கையோடு மேயப் போயின. முதலாளி மூக்கின்மேல் விரல் வைத்தார்.

பிறகுதான் பால் கத்த ஆரம்பித்தது. ஜனங்கள் முதலில் பாத்திரத்தைக் குறை சொன்னார்கள், பிறகு ரேடியோவைச் சத்தமாக வைத்துக்கொண்டு காய்ச்சினார்கள். நிபுணர்கள் காரில் வந்து பார்த்து, பச்சையாகக் குடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

அந்த வருஷம் நெற்றியில் வெள்ளைச் சுட்டி போட்ட கன்று ஒன்று பால் புட்டியைத் தொட மறுத்தது. டாக்டரம்மா அதைத் தாயிடம் கொண்டுபோய் விட்டார்; தாய் மோந்துகூடப் பார்க்காமல் உதைத்தது. எலும்பும் தோலுமான கன்றை வீட்டுக்கே தூக்கி வந்து கூடத்தில் கிடத்தினார். தான் செய்த நல்ல காரியத்தால் ஒரு உயிர் போகப்போகிறதே என்று இரவெல்லாம் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். காலையில் தையல்காரரான அவர் கணவர் காபிக்குப் பால் வைத்தார். பால் கத்தியது. இனி எழாது என்று நினைத்திருந்த கன்று எழுந்து, தையல் மெஷினில் இடித்துக்கொண்டு சமையலறைக்குப் போய், பதிலுக்குக் கத்தியது. ஆற்றி ஊற்றிய பாலை ஒரு சொட்டு விடாமல் குடித்தது.

"மாட்டுக்கு வலிக்காமப் பண்ணிட்டேன்னு நெனச்சேங்க."

"மாட்டுக்கு வலிக்கலதான். இதுக்கு?" என்றார் கணவர்.

டாக்டரம்மா அடுப்படியிலேயே உட்கார்ந்து அழுதார். எடுத்ததைத் திரும்ப வைக்க வேண்டும் என்று முதலாளியிடம் போய் மன்றாடினார். அவர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டு, பண்ணை இப்போதுதான் அமைதியாக இருக்கிறது என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

அதற்குள் மற்றக் கன்றுகளும் கயிற்றை அறுத்துக்கொண்டு, பால் பொங்கும் வீடுகளுக்கு ஓட ஆரம்பித்தன. கட்டி இழுத்துப் பார்த்த முதலாளி, சலித்துப்போய் விட்டுவிட்டார். இப்போது அங்கே பால் காய்ச்சுகிறவர்கள் கதவைத் திறந்து வைக்கிறார்கள். கன்று குடித்தது போக மிச்சத்தில்தான் காபி. சாயங்காலம் தாய்மாடுகள் டாக்டரம்மா வீட்டுத் தெரு வழியாகத்தான், கன்றுகளை ஏறெடுத்தும் பார்க்காமல், திரும்பி வரும். அந்த நேரம் டாக்டரம்மா வாசலுக்கு வந்து, சுட்டிக் கன்றின் கண்களைக் கையால் பொத்திக்கொண்டு நிற்பார்.