தவளைத் தொட்டிக்கு வந்த சம்பந்திகள்

எங்கள் கல்லூரியில் தவளைகளை மண்ணெண்ணெய் டின்னில்தான் அடைத்து வைப்பார்கள். மூடியில் ஆணியால் குத்திய நாலு ஓட்டை. அறுக்கும் நாள் வருவதற்குள் பாதி செத்து நாறும். மீதிக்குத் துள்ளக்கூடத் தெம்பு இருக்காது. விலங்கியல் துறையில் டெமான்ஸ்ட்ரேட்டராகச் சேர்ந்த முதல் வாரமே அந்த டின்னைத் திறந்து பார்த்துவிட்டு எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. அறுப்பதை நான் குறை சொல்லவில்லை. பிள்ளைகள் படிக்க வேண்டும். ஆனால் நாளைக்கு அறுக்கப் போகிறோம் என்பதற்காக இன்றைக்குத் தண்ணீர் காட்டக் கூடாது என்று எந்தப் புத்தகத்தில் எழுதியிருக்கிறது?

ஆய்வுக்கூடத்துக்குப் பின்னால், வேப்பமர நிழலில் ஒரு சிமெண்டுத் தொட்டி கட்டினேன். ஒரு பக்கம் ஆழமில்லாத தண்ணீர், மறுபக்கம் ஈர மணல், ஒளிந்துகொள்ள உடைந்த ஓடுகள், மேலே கோழிவலை, வெயில் படும் பக்கம் நனைத்த சாக்கு. அட்டெண்டர் வீரன் கரையான் புற்றைப் பெயர்த்துக்கொண்டு வந்து போடுவார். தவளைகள் கொழுத்தன. மாணவர்கள் 'தவளை மகால்' என்று பெயர் வைத்தார்கள். பேகம்பூரில் என் சொந்தக்காரர்கள், "தோல் மண்டிக்காரர் மகன் சௌகத் அலிக்குத் தவளை மேல பாசம் பொத்துக்கிட்டு வருது" என்று சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அறுபத்தைந்தாம் வருஷம் மழை பொய்த்தது. கல்லூரிக் கிணற்றில் வாளி தரையில் இடித்தது. துறைத் தலைவர் பொன்னுத்துரை என்னைக் கூப்பிட்டார்.

"மனுசனுக்கே குடிக்கத் தண்ணி இல்ல. தவளைக்கு நீச்சல் குளமா? பிரின்சிபால் என்னையத்தான் கேக்குறாரு."

"வீட்டுக் கிணத்துலருந்து நானே சைக்கிள்ல கொண்டாரேன் சார்."

"நீ காய்ச்சல்ல படுத்துட்டா யாரு கொண்டாருவா? இந்த வாரத்தோட தொட்டியக் காலி பண்ணு. பழையபடி டின்னுதான்."

அவர் சொன்னதில் கொஞ்சம் நியாயமும் இருந்தது. அதனால்தான் எனக்கு எரிச்சல் அதிகமாக வந்தது.

மறுநாள் வேடசந்தூர் பக்கத்திலிருந்து வீரனின் ஊர்க்காரர்கள் இரண்டு பேர் வந்தார்கள்: மூக்காயி, அவர் கணவர் மொக்கைச்சாமி. மழைக்காகத் தவளைக் கல்யாணம் வைக்க ஊர் கூடி முடிவு செய்திருக்கிறது. சிக்கல் என்னவென்றால், குளம் குட்டையெல்லாம் காய்ந்து, கல்யாணம் செய்துவைக்க ஊரில் ஒரு தவளைகூட இல்லை.

"இங்கன நல்லா வளத்து வச்சிருக்கீகன்னு வீரன் சொன்னான் தம்பி. ஒரு பொண்ணு, ஒரு மாப்பிள்ளை குடுங்க" என்றார் மூக்காயி.

பொன்னுத்துரை விழுந்து விழுந்து சிரித்தார். "குடுத்தனுப்புப்பா. ரெண்டு கொறஞ்சா நமக்கு நல்லதுதான்."

தொண்டையின் இருபுறமும் கருத்த மடிப்பு உள்ள ஆணையும், மழமழவென்ற தொண்டையுள்ள பெண்ணையும் பிடித்துக் கொடுத்தேன். மூக்காயி உற்றுப் பார்த்தார்.

"என்ன தம்பி, மாப்பிள்ளையவிடப் பொண்ணு இம்புட்டுத் தாட்டியா இருக்கு?"

"தவளையில அப்படித்தாம்மா."

"எங்க வீட்லயும் அப்படித்தான்" என்றார் மொக்கைச்சாமி, மெதுவாக.

மண்பானையில் ஈரத்துணி போட்டுக் கொடுத்தேன். மஞ்சள் குங்குமத்தை இலையில் வையுங்கள், உடம்பில் பூசாதீர்கள், தவளை தோலாலும் மூச்சு விடும், முடிந்ததும் பத்திரமாகக் கொண்டுவாருங்கள் என்று பொண்ணைப் பெற்றவன் மாதிரி வாசல்வரை சொல்லிக்கொண்டே போனேன்.

வாரக் கடைசி வந்தது. பொன்னுத்துரையே வேப்பமரத்தடிக்கு வந்து நின்றார். பக்கத்தில் டின் தயாராக இருந்தது. வீரன் வாளியோடு குனிந்தார். எனக்கு அழுகையே வந்துவிட்டது, வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

அந்த நேரம் பார்த்து வாசலில் உறுமிச் சத்தம் கேட்டது. ஒரு கூட்டமே உள்ளே வந்தது. முன்னால் மூக்காயி, இடுப்பில் பானை. பின்னால் பெண்கள் கையில் தேங்காய், பழம், வெற்றிலை, வெல்லம் வைத்த தாம்பாளம்.

"கல்யாணம் அமோகமா முடிஞ்சது தம்பி. பொண்ணு மாப்பிள்ளைய மறுவீட்டுக்குக் கூட்டியாந்திருக்கோம். பஸ்ல கண்டக்டரு பானைக்குள்ள யாருன்னு கேட்டாரு. புதுப்பொண்ணுன்னு சொன்னதும் உக்காந்திருந்தவுக எந்திரிச்சு எடம் விட்டுட்டாக."

"மழை வந்துச்சாம்மா?" என்றேன்.

"வரும், வரும். இப்பத்தான கல்யாணம் ஆயிருக்கு, செத்த நேரம் குடுங்க." பானையைத் தொட்டிக்குள் சாய்த்தார். இரண்டும் துள்ளி ஓட்டுக்கடியில் போய்ப் புகுந்தன. குலவை கிளம்பியது. "ஆமா, பொண்ணைப் பெத்தவுக யாரு? தட்டை யாரு கையில குடுக்கணும்?"

எனக்கு எங்கிருந்து அந்தத் தைரியம் வந்ததோ, பொன்னுத்துரையைக் காட்டிவிட்டேன்.

மறுத்துப் பேச அவருக்கு நேரம் கிடைக்கவில்லை. தாம்பாளம் கைக்கு வந்துவிட்டது. ஊரே கும்பிட்டது, பதிலுக்குக் கும்பிட முடியாமல் தலையைத் தலையை ஆட்டினார். மூக்காயி சம்பந்திக்குரிய உரிமையோடு தொட்டியைச் சுற்றி வந்தார்.

"பொறந்த வீடு நல்லாத்தான் இருக்கு. நெழல் இருக்கு, மறைவு இருக்கு. ஆனாத் தண்ணிதான் கம்மியாத் தெரியுது சம்பந்தி. வீரன் வாளியோட நிக்கிறானே, ஊத்தத்தானே?"

பொன்னுத்துரை வாளியைப் பார்த்தார், டின்னைப் பார்த்தார், கடைசியாக என்னைப் பார்த்தார். நான் மரத்தை அண்ணாந்து பார்த்தேன்.

"ஊத்தத்தாம்மா" என்றார். அப்புறம் திரும்பி ஒரு அதட்டுப் போட்டார். "ஏலே வீரா, என்ன வேடிக்கை? எங்க வீட்டுக் கிணத்துல எறச்சுக் கொண்டா, ஓடு! வாசல் எறங்குனதும் பொண்ணு வீட்டுல தண்ணியே இல்லைன்னு சம்பந்தி வீட்டுக்காரங்க பேசிக்கிட்டுப் போகவா?"