ஒரு நாளைக்கு ஐந்து பாட்டில்

வாண்டு முதன்முதலாக ஒரு பாட்டில் பசும்பாலை மிச்சம் வைக்காமல் குடித்த அன்று, கோட்டையைப் பிடித்தவள் போல வேலைக்குப் போனேன். ஒரு மாதப் போராட்டம். பிறந்ததிலிருந்து பவுடர் பாலிலேயே வளர்ந்த மகள். ஒரு வயது முடிந்ததும் மாற்றச் சொன்னார் டாக்டர். பாதிக்குப் பாதி கலந்து கொடுத்தேன், வெதுவெதுப்பாகக் கொடுத்தேன், இரண்டு வாய் உறிஞ்சிவிட்டு என் முகத்திலேயே துப்பினாள். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். ஒரு முறை பாட்டிலைச் சுவரில் எறிந்தேன். பிளாஸ்டிக் என்பதால் அது பிழைத்தது.

ஒரு நாளைக்கு அரை லிட்டருக்கு மேல் வேண்டாம் என்றும் டாக்டர் சொல்லியிருந்தார். குடித்தால் அல்லவா அளவு பார்ப்பதற்கு என்று அப்போது எரிச்சல்தான் வந்தது.

குடிக்கப் பழகியதும் வாண்டு வேறெதையும் தொடவில்லை. காலையில் ஒரு பாட்டில் நான் கொடுப்பேன். பகலில் அவளைப் பார்த்துக்கொள்பவர் அண்ணி, என் கணவரின் அக்கா, கீழ்த்தளத்தில் தனியாக இருக்கிறார். அவர் கையால் மூன்று. நான் திரும்பி வந்ததும் இன்னொன்று. ஒன்றரை லிட்டர் வந்துவிடும்.

"சோறு வாயில வெச்சாலே துப்புறா," என்றார் அண்ணி ஒரு மாலை. "பாட்டிலக் கொஞ்சம் குறைச்சுப் பாப்போமா?"

"ஒரு மாசம் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். குடிக்கிற பிள்ளையக் கெடுத்து வெக்காதீங்க அண்ணி. கேட்டா கொடுங்க, அவ்ளோதான்."

நான் சொன்ன தொனி எனக்கே கேட்டது. அண்ணி கழுவிய பாட்டில் மூடிகளை ஒவ்வொன்றாகத் துடைத்து வைத்துவிட்டுப் படியிறங்கிப் போனார். அதற்குப் பிறகு அவர் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை.

இரண்டு மாதத்தில் வாண்டு வெளுத்தாள். "பசும்பால் குடிச்சு எப்படிக் கலராயிட்டா பாரு," என்று எதிர்வீட்டுக்காரி கன்னத்தைக் கிள்ளினாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. நான்கடி நடந்துகொண்டிருந்தவள் இரண்டடியில் உட்கார ஆரம்பித்தாள். சோம்பேறி, அப்படியே அப்பனைக் கொண்டு பிறந்திருக்கிறாள் என்று சிரித்தோம்.

இதில் என்னைச் செருப்பால் அடிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. நான் வேலை செய்வது ரத்தப் பரிசோதனைக் கூடத்தில். ஒரு நாளைக்கு நாற்பது பேருக்காவது ஊசி குத்துகிறேன். கையை நீட்டும்போதே உள்ளங்கையைப் பார்த்து, இவருக்கு ரத்தம் கம்மி என்று மனதுக்குள் சொல்லிக்கொள்வேன். பெரும்பாலும் தப்பாது.

நேற்றுப் பகல் பன்னிரண்டு மணிக்கு அண்ணி வாண்டைத் தோளில் போட்டுக்கொண்டு அங்கேயே வந்துவிட்டார். "எழுப்ப எழுப்பத் தூங்குறா. மூச்சு வேற வாங்குது. எனக்குப் பயமா இருக்கு."

நான் ஊசி குத்தும் நாற்காலியில் அவளை மடியில் வைத்துக்கொண்டு அண்ணி உட்கார்ந்தார். தினமும் நான் பார்க்கும் வெளிச்சம், தினமும் நான் பார்க்கும் இடம். அங்கே என் மகளின் உள்ளங்கை காகிதம் மாதிரி கிடந்தது. குத்தியபோது அவள் அழக்கூட இல்லை. இயந்திரம் ஹீமோகுளோபின் நான்கு புள்ளி ஆறு என்றது. பதினொன்றுக்குக் குறையக் கூடாத எண். மறுபடி ஓட்டினேன். நான்கு புள்ளி ஐந்து. உங்கள் மெஷின் பொய் சொல்கிறது என்று என்னிடம் சண்டைக்கு வந்தவர்கள் எத்தனையோ பேர். நானும் அதைத்தான் சொல்லிப் பார்த்தேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "எவ்வளவு பால் குடிக்கிறா?"

"அஞ்சு பாட்டில்."

அவர் பேனாவை மூடினார். "பால்ல இரும்புச்சத்தே கிடையாதும்மா. வயிறு பாலாலேயே ரொம்பிட்டா வேற எங்க இறங்கும்? ரத்தம் ஏத்தணும். ஆனா இதயம் ரொம்பக் களைச்சிருக்கு, சொட்டுச் சொட்டாத்தான் ஏத்த முடியும். தாங்குவாளான்னு நாளைக்குத்தான் சொல்ல முடியும்."

என் கணவர் வேனை எங்கேயோ நிறுத்திவிட்டு ஓடி வந்தார். வார்டுக்கு வெளியே நீளமான பெஞ்சு. அதில் அண்ணி ஒரு ஓரத்தில், நான் ஒரு ஓரத்தில். நான் விவரத்தைச் சொன்னேன், பாட்டில் கணக்கு உட்பட. அவர் முகம் கோணிப் போனது.

"அஞ்சு பாட்டிலா? யாரு கொடுத்தது?"

"நான்தாண்டா கொடுத்தேன்," என்றார் அண்ணி.

"உன்ன நம்பித்தானக்கா விட்டுட்டுப் போறோம். சோறு இறங்கலைன்னா ஒரு வார்த்தை சொல்றதுக்கென்ன? பாட்டில வாயில சொருகிட்டா உனக்கு வேலை மிச்சமா?"

அண்ணி சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு வார்த்தை போதும். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. சொல்ல வேண்டியவள் நான். என் நாக்கு, எவரையும் விட்டுவைக்காத நாக்கு, மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. பிள்ளை பிழைக்காவிட்டால் இதைச் சொல்லிவிட்டு நான் எப்படி வாழ்வேன் என்றுதான் யோசித்தேன். பிள்ளையைக்கூட யோசிக்கவில்லை.

"வீட்டுக்குப் போ," என்றார் அவர். "உன்னப் பாக்கவே முடியல."

அண்ணி எழுந்தார், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு படிக்கட்டுப் பக்கம் போனார்.

நான் உள்ளே போனேன். வாண்டு கண்ணைத் திறந்திருந்தாள். கையில் குழாய், அதில் யாரோ கொடுத்த ரத்தம். என் முகத்தைப் பார்த்தாள், எனக்குப் பின்னால் பார்த்தாள்.

"அத்தை," என்றாள், மூச்சு வாங்க. மறுபடியும், "அத்தை."

படியில் செருப்புச் சத்தம் இன்னும் கேட்டது. கூப்பிட்டால் காதில் விழும் தூரம்தான். நான் கூப்பிடவில்லை.