கழுதைக் காதும் ஒன்பதாம் பாடமும்

ஜஸ்டின் காலை ஏழு மணிக்கே மனைவியிடம் சொல்லிவிட்டான்.

"இன்னிக்கு நீ வாயத் தொறக்கக் கூடாது ஜோசு. சுப்புராயன்கிட்ட நான் பேசிக்கிறேன்."

"பேசுங்க. ஆனா ஆர்டரு வரணும். வரலைன்னா பொங்கல் வரைக்கும் சூளைய மூடிட்டு, பாஞ்சாலையையும் மத்த மூணு பொம்பளைங்களையும் வூட்டுக்கு அனுப்பணும்."

"அதுக்குத்தானே ஏழு மணி நேர வீடியோ பார்த்திருக்கேன்?"

அந்த ஏழு மணி நேரமும் ஜோஸ்பின்தான் அச்சில் களிமண் கூழ் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

விருத்தாசலத்தில் பீங்கான் பட்டறைகள் வரிசையாக இருக்கும் பேட்டையில், கோடியில் ஒட்டிக்கொண்டிருப்பது இவர்களுடைய பட்டறை. கிறிஸ்துமஸ் குடிலுக்கான சொரூபங்கள் செய்தார்கள். குழந்தை இயேசு, மாதா, சூசையப்பர், மூன்று ராஜாக்கள், ஆடு, மாடு, கழுதை எல்லாம் சேர்ந்தது ஒரு செட்டு. வருஷா வருஷம் ஆர்டர் கொடுத்தவர் இந்த வருஷம் கடையை மூடிவிட்டார். புதுச்சேரியில் மாதா கோயில் தெருவில் கடை வைத்திருக்கும் சுப்புராயன் முதல் முறையாகப் பார்க்க வருகிறார். பிடித்தால் நானூறு செட்டு. பிடிக்காவிட்டால் இந்தப் பேட்டையில் இன்னும் ஆறு பட்டறை இருக்கிறது.

ஜஸ்டின் இரண்டு வருஷமாக மூளையைத் தீட்டிக்கொண்டிருந்தான். முதலில் செஸ். போனிடம் தினமும் தோற்றான். "போனு திருட்டாட்டம் ஆடுது" என்று அதை மூன்று நாள் சார்ஜ் போடாமல் தண்டித்தான். பிறகு ஷேர் மார்க்கெட். ஊரே பயப்படும்போது வாங்க வேண்டும் என்று ஒருவர் சொன்னாராம். ஊரே பயந்த ஒரு கம்பெனியைத் தேடிப் பிடித்து வாங்கினான். ஊர் பயந்தது சரிதான் என்று பதினைந்து நாளில் தெரிந்தது. அதற்குப் பிறகு புரோகிராமிங். சூளையில் எத்தனை பொம்மை உடையும் என்று முன்கூட்டியே சொல்ல ஒரு புரோகிராம் எழுதினான். அது மைனஸ் பதினாலு என்றது.

"அப்ப பதினாலு பொம்ம புதுசா பொறக்குமா தம்பி?" என்று கேட்டாள் வண்ணம் தீட்டும் பாஞ்சாலை.

"அதுல ஒரு சின்னத் தப்பு இருக்குது."

"பொறந்தா சொல்லுங்க, தொட்டில் கட்டுவோம்."

இப்போது கடைசியாக, ஆளைப் பார்த்தே மனசைப் படிக்கும் படிப்பு. பன்னிரண்டு பாடம். நீல நோட்டு ஒன்றில் குறிப்பெடுத்து, தினமும் இரவுச் சாப்பாட்டின்போது ஜோஸ்பினுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினான். அவள் 'உம்' கொட்டிக்கொண்டே கேட்டாள். அவள் உண்மையிலேயே கவனித்துக் கேட்டாள் என்பது அவனுக்குத் தெரியாது.

பத்தரை மணிக்கு சுப்புராயன் வந்தார். அறுபத்தைந்து வயது இருக்கும், வெள்ளைச் சட்டை, கையில் மஞ்சள் பை. வணக்கம் சொன்னார், உட்கார்ந்தார், மேசையில் பரப்பி வைத்திருந்த செட்டைப் பார்த்தார். குழந்தை இயேசுவை விட்டுவிட்டு, மூன்று ராஜாக்களையும் தாண்டி, கழுதையைக் கையில் எடுத்தார்.

ஜஸ்டினின் முகம் சுருங்கியது. ஜோஸ்பின் பக்கம் சாய்ந்தான்.

"மொதல்ல எதத் தொடுறானோ அதத்தான் நம்மளப் பத்தி நெனைக்கிறான்னு அர்த்தம். நாலாம் பாடம்."

"சரிதான்" என்றாள் ஜோஸ்பின்.

சுப்புராயன் கழுதையின் காதுகளைக் கட்டைவிரலால் தடவினார். பிறகு மூக்கைத் தேய்த்தார்.

"பக்கத்துப் பட்டறையிலயும் ஒரு செட்டு பார்த்தேன் தம்பி. நல்லாத்தான் இருந்துது."

மறுபடியும் மூக்கைத் தேய்த்தார். ஜஸ்டினுக்குக் கண் மலர்ந்தது. மறுபடி மனைவியின் காதில் கிசுகிசுத்தான்.

"மூக்கத் தொடுறான் பாத்தியா? பொய் சொல்றான். பக்கத்துப் பட்டறைக்கே போவல. ரெண்டாம் பாடம்."

வெள்ளைத் தூள் பறக்கும் பட்டறையில் பாஞ்சாலை காலையிலிருந்து நாற்பது முறை மூக்கைத் தேய்த்திருப்பாள். சுவரில் தொங்கிய மாதாவின் படத்துக்கு மூக்கே தெரியவில்லை, அவ்வளவு தூசி. ஜோஸ்பின் துணி ஒன்றை நனைத்துப் பிழிந்து சுப்புராயன் முன் வைத்தாள். அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அதன் பிறகு மூக்குப் பக்கமே கை போகவில்லை. ஜஸ்டின் அதைக் குறித்துக்கொள்ளவில்லை. அவன் அடுத்த பாடத்துக்குப் போயிருந்தான்.

அடுத்த பாடம் மௌனம். முதலில் பேசுகிறவன் தோற்பான். ஜஸ்டின் கைகளைக் கட்டிக்கொண்டு சுப்புராயனையே உற்றுப் பார்த்தான். சுப்புராயன் கழுதையைப் பார்த்தார். ஃபேன் சுற்றியது. ஸ்டேஷன் பக்கம் ஒரு ரயில் கூவிவிட்டுப் போனது. அன்புக்கரசி என்கிற பேக்கிங் பெண் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்து, "யாராச்சும் செத்துட்டாங்களா?" என்று பாஞ்சாலையிடம் கேட்டாள்.

"யாவாரம் நடக்குது. சும்மா இரு."

கால் மணி நேரம் ஆயிற்று. சுப்புராயன் கழுதையை மேசையில் வைத்துவிட்டு மஞ்சள் பையின் காதைப் பிடித்தார். கிளம்பப்போகிறவரின் கை அது. பாஞ்சாலையின் தூரிகை மாதாவின் முந்தானையில் அப்படியே நின்றது.

ஜோஸ்பின் கணவனின் காதருகே குனிந்தாள்.

"என்னாங்க, எழுந்து போறத பத்தி என்னமோ படிச்சீங்களே, அது எத்தனாம் பாடம்?"

ஜஸ்டின் முகம் மலர்ந்து அவளைத் திரும்பிப் பார்த்தான். அப்படிப் பார்த்து ரொம்ப வருஷம் ஆகியிருந்தது.

"ஒம்பது! பேரத்துல எந்த நேரமும் எழுந்து போவத் தயாரா இருக்கிறவன்தான் ஜெயிப்பான். ஏழு நிமிஷத்துல எதிராளி பின்னாலயே ஓடி வருவான்."

"அதத்தான் சொன்னேன்."

ஜஸ்டின் நாற்காலியைச் சத்தமாகத் தள்ளிக்கொண்டு எழுந்தான். "மன்னிச்சுக்கங்க. இது ஒத்து வராது. நான் கெளம்புறேன்" என்றான். செருப்பை மாட்டினான். கேட்டைத் திறந்து, தெருவில் இறங்கி, திரும்பிப் பார்க்காமல் போனான்.

சுப்புராயன் பை காதை விட்டார். கால் மணி நேரத்துக்குப் பிறகு வாயைத் திறந்தார்.

"எங்கம்மா போறாரு? இது அவரு பட்டறதானே?"

"அவரோடதுதாங்க."

"அப்பறம் ஏன் போறாரு?"

"வெளிய ஒரு வேல இருக்குது. டீ குடிக்கிறீங்களா?"

"குடுங்க. உடம்பு சரியில்லையோன்னு பாத்தேன். என்னியே மொறைச்சிக்கிட்டு இருந்தாரு."

"பேசாம இருந்தா நீங்களே பேசிடுவீங்கன்னு இருந்தாரு."

சுப்புராயன் சிரித்தார். "நாப்பது வருசமா வூட்டுல நான் வாயே தொறந்ததில்லம்மா. என்கிட்டயா?"

ஜோஸ்பின் அவர் எதிரில் உட்கார்ந்தாள். கழுதையை எடுத்து அவர் பக்கம் திருப்பி வைத்தாள்.

"போன வருசம் காது எத்தன போச்சுங்க?"

அவர் நிமிர்ந்தார்.

"நான் சொல்லவே இல்லியே?"

"வந்ததுல இருந்து அந்தக் காதையே தடவுறீங்க."

"நூத்துல முப்பது போச்சு. வேற ஊரு சரக்கு. வாங்கின சனமெல்லாம் கடைக்கு வந்து, காதில்லாத கழுதைய வச்சி பூச பண்ணச் சொல்றியான்னு சண்ட. மாதா கோயில் பங்குச் சாமியாரே ஆள் அனுப்பிட்டாரு. மத்ததெல்லாம் எனக்குக் கவலையில்ல. விலை நீங்க போன்ல சொன்னதே சரி. கழுதைக்குக் காது நிக்கணும்."

ஜோஸ்பின் உள்ளே போனாள். அலமாரியின் அடித்தட்டிலிருந்து செய்தித்தாளில் சுற்றிய ஒரு கழுதையைக் கொண்டுவந்தாள். ஜூலையில் அவளே அச்சை வெட்டி மாற்றிச் செய்த ஒரே ஒரு கழுதை. காதுகள் நிமிர்ந்து நிற்காமல், பின்பக்கம் சாய்ந்து பிடரியோடு ஒட்டியிருந்தன. அன்றைக்கு ஜஸ்டின் அதைப் பார்த்துவிட்டு, மார்க்கெட்டைப் புரிந்துகொள்ளாத கழுதை என்று ஒதுக்கிவிட்டான்.

"காத மடிச்சா பயந்தாப்புல இருக்குதேம்மா" என்றார் சுப்புராயன்.

பாஞ்சாலை தூரிகையை வைத்தாள். "ஏங்க, மாட்டுக் கொட்டாயில படுத்திருக்கிற கழுத. திடீர்னு மூணு ராஜா ஒட்டகத்துல வந்து நின்னா பயப்படாதா?"

அவர் தலையை ஆட்டினார். பாதி ஆட்டம்தான். ஜோஸ்பின் அந்தக் கழுதையைப் பழைய செய்தித்தாளில் திரும்பச் சுற்றினாள். மேசை உயரத்துக்குத் தூக்கினாள். இதற்கு மாற்றுக் கழுதை கிடையாது. பாஞ்சாலை கண்ணை மூடிக்கொண்டாள். ஜோஸ்பின் கையை விட்டாள்.

சிமெண்ட் தரையில் 'ணங்'கென்று விழுந்தது. எடுத்துக் கொடுத்தாள்.

"நீங்களே பிரிச்சிப் பாருங்க."

சுப்புராயன் பிரித்தார். மூக்கு நுனியில் துளி கிளேஸ் பூச்சு பெயர்ந்திருந்தது. காது இரண்டும் இருந்தன. விரலால் சுண்டிப் பார்த்தார். மணி போலச் சத்தம் வந்தது, விரிசல் இல்லை.

"கிறிஸ்துமஸுக்கு நாலு வாரம் முன்னாடி, திருவருகைக்கால மொத ஞாயிறுக்குள்ள நானூறு வந்துடுமா?"

"ரெண்டு தவணையா அனுப்பிடுறேங்க."

அவர் மஞ்சள் பையிலிருந்து ஆர்டர் சீட்டையும் பேனாவையும் எடுத்தார்.

தெருமுனையில் பழமலையின் டீக்கடையில் ஜஸ்டின் மூன்றாவது டீயில் இருந்தான்.

"மணி என்னா பழமலை?"

"இப்பத்தானே கேட்டீங்க. நீங்க வந்து நாப்பது நிமிசம்."

"ஏழுலயே வந்திருக்கணும். ஆளு கெட்டி."

"யாருங்க?"

"எதிராளி."

சுப்புராயன் பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற வழியில் வந்தார். ஆவலைக் காட்டக் கூடாது என்பது பதினொன்றாம் பாடம். ஜஸ்டின் பன் பாட்டிலுக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டான்.

"தம்பி இங்கதான் இருக்கீங்களா? ஆர்டரு குடுத்துட்டேன். இந்தாப்பா, இவரு டீக்கும் சேத்து எடுத்துக்க. வெயில்ல அலையாதீங்க தம்பி, உடம்பப் பாத்துக்கங்க."

அவர் போனதும் ஜஸ்டின் பழமலையின் தோளைத் தட்டினான்.

"பாத்தியா? ஆர்டரும் குடுத்து, டீக்குக் காசும் குடுத்துட்டுப் போறான். முழுசா சரணடஞ்சிட்டான்."

பட்டறைக்குள் அவன் நுழைந்தபோது அன்புக்கரசி அட்டைப்பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தாள். ஜோஸ்பின் மடிந்த காது அச்சைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"எழுந்து போனதுதான் வேல செஞ்சுது ஜோசு! அடுத்த மாசம் இந்தப் பேட்டைக்காரங்களுக்கு ஒரு கிளாஸ் எடுக்கப் போறேன்."

"எடுங்க. மொதல்ல இந்த அச்சுக்குக் கூழ ஊத்துங்க. நானூறு கழுத."

"இது நான் வேணாம்னு சொன்ன காது இல்ல?"

"அவரு கேட்டாரு."

ஜஸ்டின் கூழ் வாளியைத் தூக்கினான். பாதி வழியில் நின்றான். அவன் நெற்றியில் மெதுவாக ஒரு கோடு விழுந்தது.

"ஆமா, நான் எழுந்து போனா நல்லதுன்னு உனக்கு எப்பிடித் தோணிச்சு?"

பாஞ்சாலை குனிந்து மாதாவின் முந்தானைக்கு நீலம் பூசினாள். பிறகு புறங்கையால் மூக்கை அழுத்தித் தேய்த்தாள்.

"பாஞ்சால! மூக்கத் தொட்டீங்க! என்னமோ மறைக்கிறீங்க!"

"தூசு தம்பி."

ஜஸ்டின் வாளியைக் கீழே வைத்தான். மாதா படத்தைப் பார்த்தான், அன்புக்கரசியைப் பார்த்தான். அவளும் மூக்கைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். ஜோஸ்பினும் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவன் நீல நோட்டைப் பிரித்து, இரண்டாம் பாடத்துக்குப் பக்கத்தில் கொட்டை எழுத்தில் எழுதினான்: 'விருத்தாசலத்தில் செல்லாது.'

எழுதிவிட்டுக் கூழ் ஊற்றப் போனான்.