கல்லுக்கான ஜெபம்

அம்மாவிடம் அதைச் சொல்லியிருக்கக் கூடாது.

தொலைநோக்கி எடுத்த நான்கு படங்களை எங்கள் கல்லூரியின் விண்கல் தேடும் குழுவுக்கு அனுப்பியிருந்தார்கள். நான்கிலும் ஒரே நேர்கோட்டில் நகர்ந்த ஒரு புள்ளியைக் கண்டேன். ஏற்கெனவே தெரிந்த விண்கற்களின் பட்டியலில் இல்லாத புள்ளி. பூமியின் பாதைக்குப் பக்கத்தில் வரக்கூடிய கல்லாக இருக்கலாம். இன்று ஐந்து மணிக்குள் அறிக்கை போனால் வேறு தொலைநோக்கிகள் அதைத் தேடிப் பிடிக்கும். தாமதித்தால் எங்கே போனதென்று யாருக்கும் தெரியாது.

அம்மா ஜெபக்குழுவிடம் சொல்லிவிட்டாள். நான்கு மணிக்குப் பன்னிரண்டு பெண்களும் சபை ஊழியர் செல்வதாஸும் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். என்னை நடுவில் உட்காரவைத்தார்கள்.

“எப்பம் விழும் பிரீனா?” பக்கத்து வீட்டு ஜெஸ்பின் அக்கா கேட்டாள்.

“விழாதுக்கா. எங்க இருக்குன்னு தெரிஞ்சு வைக்கணும், அவ்வளவுதான்.”

“விழாத கல்ல எதுக்குட்டி தேடணும்?”

“ஏதாவது ஒண்ணு விழுமானா, முன்னாலேயே தெரிஞ்சா தள்ளிவிடலாம். பின்னே அதுல இரும்பு இருக்கும். சிலதுல தண்ணி இருக்கும்.”

“தண்ணிக்கா அவ்வளவு தூரம்? எனக்க கிணத்துல வந்து கோரு.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

நான்கு நாற்பது. உள்ளறையில் மடிக்கணினி திறந்தே கிடந்தது. அறிக்கை பாதிதான் நிரப்பியிருந்தேன்.

“அம்மா, ஒரு பத்து நிமிசம்...”

“இரி மக்கா. எல்லாரும் ஒனக்காகத்தானே வந்திருக்காவ.”

ஊழியர் என் தலையில் கைவைத்தார். ஒவ்வொருவராக ஜெபித்தார்கள். ஒருத்தி என் கல்யாணத்தையும் சேர்த்துக்கொண்டாள். உள்ளறை எட்டடி தூரத்தில்தான் இருந்தது. தலைமேல் இருந்த கையும் ஒன்றும் கனமில்லை. நான் எழுந்திருக்கவில்லை.

ஆமென் சொன்னபோது ஐந்தேகால். இணையதளம் அறிக்கையை ஏற்கவில்லை.

“என்ன மக்கா?” அம்மா அறை வாசலில் நின்றாள்.

“கல்லு போச்சும்மா. இனி கண்டுபிடிக்க முடியாது.”

அம்மாவின் கண் நிறைந்தது. “ஸ்தோத்திரம்!” என்றாள். “ஏட்டி ஜெஸ்பினு, கேட்டியா? கல்லு போயிட்டாம்!”

வெளியே செருப்புப் போட்டுக்கொண்டிருந்தவர்கள் திரும்பி வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் நான் சாட்சி சொல்ல வேண்டும் என்று ஊழியர் நோட்டில் என் பெயரை எழுதிக்கொண்டார்.

ஞாயிறன்று மைக்கைக் கையில் கொடுத்தார்கள். கல் எங்கேயோ போய்க்கொண்டுதான் இருக்கிறது என்று சொல்ல நினைத்தேன். பெண்கள் பக்கம் முதல் வரிசையில் அம்மா, புதுச்சேலையில்.

“அந்தக் கல்ல இப்பம் காணல்ல,” என்றேன்.

பொய் இல்லை. கைதட்டத் தொடங்கினார்கள். யாராவது மைக்கை வாங்கிக்கொள்வார்களா என்று பார்த்துக்கொண்டு நின்றேன்.